சீரி ஆ-வை ஒரு பருவம் முழுக்கப் பார்ப்பது எப்படி? கிளப் தேர்வு முதல் சான் சீரோ வாசல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியக் கால்பந்து மெதுவானது, கோலே விழாது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை ஹைலைட்ஸில் மட்டும் பார்த்தவர்கள். மூன்று நிமிட வீடியோவில் கோல் தெரியும். அந்தக் கோல் விழுவதற்கு இருபது நிமிடம் முன்பே பயிற்சியாளர் தன் இடதுபுற டிஃபெண்டரைப் பத்து மீட்டர் முன்னே தள்ளி நிற்கச் சொன்னது தெரியாது. இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வின் சுவை முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதை அனுபவிக்க வேண்டுமானால் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்ட் முதல் மே வரை வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். அதற்கான வழி இதோ, படிப்படியாக.

படி 1: ஒரு கிளப், ஒன்றே ஒன்று

இருபது கிளப்கள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். எல்லாப் பெரிய ஆட்டங்களையும் பார்க்கிறேன் என்று தொடங்குபவர்கள் நவம்பருக்குள் களைத்துவிடுகிறார்கள். பெரிய ஆட்டத்தில் ஒரு அணி தன் பாணியை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று புரிய, சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் லெச்சேயுடனும் காலியாரியுடனும் அது எப்படி ஆடுகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதல் பருவத்துக்கு ஒரு கிளப் போதும்.

ஒரு நட்சத்திர வீரரை நம்பிக் கிளப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இத்தாலியக் கிளப்கள் நல்ல விலை வந்தால் விற்றுவிடும். அடுத்த ஆகஸ்டில் உங்கள் ஆள் லண்டனில் இருப்பார். ஊரைப் பார்த்து, அந்தக் கிளப்பின் கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மிலன் நகரில் இரண்டு. ஏசி மிலன் 1899-ல் தொடங்கியது. வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் அதிலிருந்து பிரிந்து 1908-ல் பிறந்தது இன்டர்நாசியோனாலே, சுருக்கமாக இன்டர். இரண்டுக்கும் சொந்த மைதானம் ஒன்றே, சான் சீரோ. டுரினில் யுவென்டஸ், 1923 முதல் ஃபியட் கார் நிறுவனத்தின் அன்யெல்லி குடும்பத்தின் கையில். ஃபியட் தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்த தென்னித்தாலியர்கள் வழியாக நாடு முழுக்கப் பரவிய ரசிகர் கூட்டம் அதற்கு உண்டு. அதே ஊரின் இன்னொரு அணி டொரினோ. லிஸ்பனில் ஆடிவிட்டுத் திரும்பிய அதன் வீரர்கள் வந்த விமானம் 1949 மே 4 அன்று சூபெர்கா குன்றில் மோதி 31 பேர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு மே 4 அன்றும் ரசிகர்கள் அந்தக் குன்றின் மேல் உள்ள தேவாலயத்துக்கு ஏறிப் போகிறார்கள். டொரினோவின் ரசிகராக இருப்பது கோப்பைக் கணக்கோடு தொடர்பில்லாத ஒரு விஷயம்.

நாப்போலி என்றால் மரடோனா: 1984 முதல் 1991 வரை அங்கே ஆடி, 1987-லும் 1990-லும் பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த பட்டத்துக்கு 33 ஆண்டுகள் காத்திருந்து 2023-ல் வென்றது அந்த ஊர்; 2025-ல் இன்னொன்று. ஒரு நகரம் முழுக்க ஒரே அணிக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க ஆசையிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ரோமில் ரோமாவும் லாட்சியோவும். பெர்கமோவில் அட்டலான்டா: சிறு நகரம், ஐரோப்பிய அளவில் ஆட்டம். 1964-க்குப் பிறகு பட்டமே வெல்லாத போலோன்யா 2025-ல் மிலனை 1-0 என்று வீழ்த்தி இத்தாலியக் கோப்பையை எடுத்தது. அதற்கு முந்தைய கோப்பை 1974-ல். முடிவு செய்ய முடியவில்லையென்றால் எங்கள் பரிந்துரை அட்டலான்டா அல்லது போலோன்யா. இந்த இரண்டும் தோற்றாலும் பார்க்க ஏதாவது இருக்கும்.

படி 2: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பலர் ஆட்டத்தைத் தவறவிடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, நேரக் கணக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இத்தாலியோடு உள்ள நேர வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. மாறும் நாட்கள் இரண்டு: அக்டோபரின் கடைசி ஞாயிறு, மார்ச்சின் கடைசி ஞாயிறு. அந்த இரண்டு வாரயிறுதிகளில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

வழக்கமான நேரங்களை நம் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் குளிர்காலம், அடுத்தது கோடை:

மதியம் 12:30 ஆட்டம் – மாலை 5:00 / 4:00
பிற்பகல் 3:00 ஆட்டம் – இரவு 7:30 / மாலை 6:30
மாலை 6:00 ஆட்டம் – இரவு 10:30 / 9:30
இரவு 8:45 ஆட்டம் – நள்ளிரவு தாண்டி 1:15 / 12:15

கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஞாயிறு இரவு 8:45 ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை. அலாரம் வைக்கும்போது தேதியையும் மாற்ற மறக்காதீர்கள். ஆகஸ்ட் வெயிலில் முன்னிரவு ஆட்டம் 6:30-க்குத் தள்ளிப்போகும்; அது நமக்கு இரவு 10 மணி. ஐரோப்பியக் கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இரவு 9 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 1:30. சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் இத்தாலிய நேரத்தோடு குளிர்காலத்தில் ஏழு மணியும் கோடையில் ஆறு மணியும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது ஞாயிறு 12:30, 3 மணி ஆட்டங்கள். உங்கள் கிளப் அந்த நேரங்களில் ஆடும் வாரங்களை நேரலையில் பாருங்கள். நள்ளிரவு ஆட்டங்களை மறுநாள் முடிவு தெரியாமல் முழுதாகப் பாருங்கள். அதற்குக் கைப்பேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி கைமாறும். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: புள்ளிப் பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. முதல் நான்கு இடங்கள் சாம்பியன்ஸ் லீக்குக்கு, கடைசி மூன்று அணிகள் இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-க்கு. இதுவரை இங்கிலாந்து, ஸ்பெயின் போலத்தான். வித்தியாசம் புள்ளிகள் சமமாகும்போது வருகிறது.

இங்கிலாந்தில் மொத்த கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். இத்தாலியில் முதலில் அந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள். அதுவும் சமமென்றால் அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம். பிறகுதான் மொத்தக் கணக்கு. இரண்டு ஆட்டமும் முடியும்வரை பல தளங்கள் மொத்த கோல் வித்தியாசத்தை வைத்தே வரிசைப்படுத்தும். பிப்ரவரியில் ‘நாம்தான் மூன்றாவது’ என்று மகிழ்ந்தவர்கள் மே மாதம் ஐந்தாவது ஆவது இப்படித்தான். உங்கள் கிளப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து அணிகளோடு ஆடிய முடிவுகளைத் தனியாக ஒரு தாளில் எழுதிவைத்தால் ஏப்ரலில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தத் தாளில் 2-0 என்று போகும் ஆட்டத்தில் கடைசி நிமிடம் வாங்கிய கோலுக்கும் ஒரு விலை உண்டு.

முதலிடத்துக்கு இன்னொரு விதி. 2022-23 முதல், இரண்டு அணிகள் சம புள்ளிகளில் முதலிடத்தில் முடித்தால் பட்டத்துக்கு ஒரு தனி ஆட்டம். கீழே 17, 18-ஆம் இடங்களுக்கும் இப்படியொரு பிளே-ஆஃப் உண்டு. 2023 ஜூன் 11 அன்று ரெஜியோ எமிலியாவில் வெரோனா ஸ்பெசியாவை 3-1 என வென்று தப்பித்தது இந்த விதியால்தான். பட்டத்துக்காக இப்படி ஓர் ஆட்டம் சீரி ஆ வரலாற்றில் ஒரே முறை நடந்திருக்கிறது: 1964-ல் ரோமில், போலோன்யா 2, இன்டர் 0. 2025-ல் நூலிழையில் தப்பியது. நாப்போலி 82, இன்டர் 81.

பட்டம் வென்ற அணி மறு பருவம் மார்பில் மூவர்ணக் கேடயம் அணியும், அதுதான் ஸ்குதெத்தோ. பத்துப் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். இன்டர் தன் இருபதாவது பட்டத்தை, அதாவது இரண்டாவது நட்சத்திரத்தை, 2024 ஏப்ரல் 22 அன்று மிலனுக்கு எதிரான டெர்பியிலேயே, அதாவது ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்திலேயே, 2-1 என்று வென்று உறுதி செய்தது. மிலன் ரசிகரிடம் அந்தத் தேதியைச் சொல்லாதீர்கள்.

அட்டவணையில் இன்னும் இரண்டு விஷயம். 2021-22 முதல் இரண்டாம் பாதியின் வரிசை முதல் பாதியின் வரிசை அல்ல. செப்டம்பரில் அடுத்தடுத்து வந்த கடினமான ஆட்டங்கள் பிப்ரவரியிலும் அப்படியே வரும் என்று எண்ண வேண்டாம். பருவத்தின் நடுவே இத்தாலிய சூப்பர் கோப்பைக்காக நான்கு அணிகள் போய்விட்டால் அவர்களுடைய லீக் ஆட்டங்கள் தள்ளிப்போகும். பட்டியலில் ‘ஆடிய ஆட்டங்கள்’ என்ற பத்தியைப் பார்க்காமல் இடத்தைப் பேசக் கூடாது.

படி 4: பந்தைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்ப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதைப் பழகிவிட்டால் 0-0 ஆட்டமும் நகம் கடிக்க வைக்கும்.

பயிற்சியாளர் சீமோனே இன்சாகி 2021 முதல் 2025 வரை நடத்திய இன்டரை எடுத்துக்கொள்வோம். 3-5-2 முறையின், அதாவது பின்னால் மூவர், நடுவில் ஐவர், முன்னால் இருவர் என்ற அமைப்பின், பாடநூல் அது. மூன்று மைய டிஃபெண்டர்கள். அவர்களில் ஓரத்தில் நிற்கும் இருவருக்கு இத்தாலியில் ப்ராச்செத்தோ என்று பெயர். இரு பக்கக் கோடுகளையும் முழு நீளத்துக்கு ஓடிக் காப்பவர்கள் க்வின்டோ. இடதில் டிமார்கோ, வலதில் டும்ஃப்ரீஸ். நடுவில் ஆட்டத்தை இயக்கும் ரெஜிஸ்தா, சால்ஹனோலு. அவருக்கு இருபுறமும் மெத்ஸாலா என்னும் மிட்ஃபீல்டர்கள் இருவர், ஒருவர் பாரெல்லா. முன்னால் லௌதாரோவும் துராமும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் பதினைந்து நிமிடம் இவற்றை மட்டும் கவனியுங்கள்.

எதிரணியிடம் பந்து இருக்கும்போது பின்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் நேர்கோட்டில் நின்றால் க்வின்டோக்கள் இறங்கிவிட்டார்கள். அந்த அணி எதிரியை உள்ளே வரவிட்டு அடிக்கப் பார்க்கிறது. நான்கு என்றால் ஒரு பக்க க்வின்டோ மேலே நின்று அழுத்தம் தருகிறார். இந்த எண்ணிக்கை இடைவேளைக்குப் பிறகு மாறுகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

அடுத்தது ப்ராச்செத்தோ. இன்டரிடம் பந்து வந்ததும் இடதுபுற பாஸ்தோனி எங்கே போகிறார்? டிஃபெண்டரான அவர் எதிரணியின் பெனால்டி பெட்டி ஓரத்தில் கிராஸ் போடுவதைப் பலமுறை பார்க்கலாம். அவர் விட்டுப்போன இடத்தை யார் மூடுகிறார் என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலும் ரெஜிஸ்தாவோ இடதுபுற மெத்ஸாலாவோ இறங்கி நிற்பார்கள். யாரும் இறங்காவிட்டால் பந்து பறிபோன ஐந்தாவது விநாடியில் ஆபத்து வரும்.

மூன்றாவது, ரெஜிஸ்தாவை யார் பிடிக்கிறார்? எதிரணி ஒருவரை அவர் மேலேயே விட்டிருந்தால் அவர் வேண்டுமென்றே ஓரத்துக்கு நடந்துபோய் அந்த ஆளையும் கூட்டிச் செல்வார். நடு வழி திறக்கும். மைய டிஃபெண்டர் பந்தோடு நடந்தே முன்னேறுவார். பந்தைத் தொடாமலே செய்த வேலை இது, எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே போகும் என்பது உண்மை. கோல் கிக், த்ரோ-இன், அகலக் கோணத்தில் காட்டும் ரீப்ளே, இந்த நேரங்களில் முழு அமைப்பும் தெரியும். அப்போது கண்ணைப் பந்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

3-5-2-க்கு ஒரு பலவீனம் உண்டு. ஓரத்தில் ஒரே ஒரு க்வின்டோதான் நிற்கிறார். எதிரணி அங்கே விங்கரையும் ஃபுல்பேக்கையும் சேர்த்து அனுப்பினால் இருவருக்கு ஒருவர். உதவிக்கு மெத்ஸாலா ஓட வேண்டும். ஓடினால் நடு திறந்துவிடும். 2025 மே 6 அன்று சான் சீரோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை இந்த ஒரு விஷயத்துக்காகவே முழுதாகப் பாருங்கள். பார்சிலோனாவில் நடந்த முதல் ஆட்டம் 3-3. இங்கே இன்டர் முதல் பாதியில் 2-0. முதல் கோலில் டிமார்கோ ஓல்மோவிடமிருந்து பந்தைப் பறித்து டும்ஃப்ரீஸுக்கு விட, அவர் குறுக்கே தள்ள, லௌதாரோ தட்டிவிட்டார்: இரண்டு க்வின்டோக்களும் சேர்ந்து செய்த கோல். இரண்டாம் பாதியில் பார்சிலோனா அதே ஓரத்தைத் தேடி அடித்தது. 54-வது நிமிடம் எரிக் கார்சியா, 60-வது நிமிடம் ஓல்மோ. இரண்டு கோலுக்கும் பந்து வந்தது இடது ஃபுல்பேக் ஜெரார்ட் மார்ட்டினின் கிராஸிலிருந்து, அதாவது டும்ஃப்ரீஸின் பக்கத்திலிருந்து. 87-ல் ரஃபினியா அடிக்க 3-2. எல்லாம் முடிந்தது என்று தோன்றிய 93-வது நிமிடம், அதே ஓரத்தில் அதே மார்ட்டினிடம் பந்தைப் பறித்தார் டும்ஃப்ரீஸ். அவர் போட்ட கிராஸை வலைக்கூரையில் அறைந்தவர் ஸ்ட்ரைக்கர் அல்ல, 37 வயது மைய டிஃபெண்டர் அச்செர்பி, அதுவும் தன் பழகாத வலது காலால். கூடுதல் நேரத்தில் 99-வது நிமிடம் ஃப்ராத்தேசி 4-3. ஓர் அமைப்பின் பலவீனமும் பலமும் மைதானத்தின் ஒரே நாற்பது மீட்டரில் எழுதப்பட்ட இரவு அது. அடுத்து முனிச்சில் நடந்த இறுதியில் பாரிஸ் அணியான பிஎஸ்ஜி 5-0 என்று வென்றதையும் பாருங்கள். அழுத்தம் தரும் அணியிடம் இதே அமைப்பு எப்படி மூச்சுத் திணறும் என்று அங்கே தெரியும்.

அட்டலான்டா வேறு பள்ளி. பயிற்சியாளர் காஸ்பெரீனி 2016 முதல் 2025 வரை அங்கே ஆளுக்கு ஆள் பிடிக்கும் ஆட்டத்தை ஆடவைத்தார். அடையாளம் எளிது: அட்டலான்டாவின் டிஃபெண்டர் தன் ஆளைத் துரத்தி நடுக்கோடு தாண்டியும் போவார். 2024 மே 22, டப்ளினில் நடந்த, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில், அந்தப் பருவம் முழுக்க 51 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த லெவர்குசனை 3-0 என்று முடித்தது இந்த முறை. மூன்றும் லுக்மான் அடித்தது. இதில் தவறு நடக்கும் இடமும் தெளிவு. ஒருவர் தன் ஆளிடம் ஏமாந்தால் பின்னால் மூட யாரும் இல்லை.

பழையதில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் 1989 ஏப்ரல் 19, மிலன் 5, ரியல் மாட்ரிட் 0. அன்செலோட்டி, ரைக்கார்ட், குல்லிட், வான் பாஸ்டன், டொனடோனி என்று ஐவர் அடித்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மிலனின் மைய டிஃபெண்டர் பரேசி கையை உயர்த்தியதும் பின்வரிசை முழுக்க ஒன்றாக முன்னே நகர்வதை. பயிற்சியாளர் அரிகோ சாக்கி கற்றுத்தந்த அந்த நகர்வு இன்றைய ஐரோப்பிய அணிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அறுபதாவது நிமிடம் மாற்று வீரர்கள் இறங்குவார்கள். மொத்தம் ஐந்து பேர், இடைவேளை நீங்கலாக மூன்று தடவைக்குள். அதிகம் ஓடும் க்வின்டோக்கள்தான் பெரும்பாலும் முதலில் வெளியே வருவார்கள். மஞ்சள் அட்டை வாங்கிய டிஃபெண்டரை இடைவேளையிலேயே எடுத்துவிடுவது இத்தாலியப் பயிற்சியாளர்களின் வழக்கம். அதைக் காயம் என்று நினைக்க வேண்டாம்.

அட்டைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: லீகில் 5-வது மஞ்சளுக்கு ஓர் ஆட்டத் தடை, பிறகு 10, 14, 17, 19-வதுக்கு. டெர்பிக்கு முந்தைய வாரம் நான்கு மஞ்சளோடு இருப்பவர் ஏன் உட்காரவைக்கப்பட்டார் என்பதற்கு விடை இதில் இருக்கும்.

படி 5: பாஜெல்லேயும் ஃபான்டாகால்ச்சோவும்

ஆட்டம் முடிந்த மறுநாள் இத்தாலியப் பத்திரிகைகள் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு மதிப்பெண் போடும். பெயர் பாஜெல்லே. 6 என்றால் தேறினார். 5.5 சுமார், 5 மோசம். 7 வாங்கினால் நல்ல ஆட்டம், 8 அபூர்வம். உங்கள் மதிப்பெண்ணை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு அவர்களுடையதைப் பாருங்கள். எங்கே ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசமோ அந்த வீரரை அடுத்த வாரம் தனியாகக் கவனியுங்கள். கண் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இளஞ்சிவப்புத் தாளில் வரும் காசெட்டா மிலனிலிருந்து, கொரியெரே தெல்லோ ஸ்போர்ட் ரோமிலிருந்து, டுட்டோஸ்போர்ட் டுரினிலிருந்து வருகின்றன. ஊர்ப்பாசம் பக்கங்களில் தெரியும்; அதைக் கழித்துப் படியுங்கள்.

இந்த மதிப்பெண்களின் மேல் கட்டப்பட்டதுதான் ஃபான்டாகால்ச்சோ. எட்டுப் பத்து நண்பர்கள் சேர்ந்து ஆடலாம். ஆளுக்குப் பெரும்பாலும் 500 கிரெடிட். ஏலத்தில் 25 வீரர்கள்: 3 கோல்கீப்பர், 8 டிஃபெண்டர், 8 மிட்ஃபீல்டர், 6 ஸ்ட்ரைக்கர். ஒரு வீரர் ஓர் அணிக்கு மட்டும்தான்.

வாரந்தோறும் 11 பேரின் பாஜெல்லே மதிப்பெண்ணோடு கூட்டல் கழித்தல்: கோலுக்கு +3, அசிஸ்டுக்கு +1, மஞ்சளுக்கு –0.5, சிவப்புக்கு –1, தன்கோலுக்கு –2, தவறவிட்ட பெனால்டிக்கு –3. கோல்கீப்பருக்கு வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் –1, தடுத்த பெனால்டிக்கு +3. ஒருவர் 7 வாங்கி, ஒரு கோல் அடித்து, ஒரு மஞ்சளும் பெற்றால் 9.5. மொத்தம் 66 ஆனால் உங்கள் அணிக்கு ஒரு கோல், அதற்குமேல் ஒவ்வொரு 6-க்கும் இன்னொன்று. நீங்கள் 71.5, எதிரி 72 என்றால் நீங்கள் 1-2 என்று தோற்றீர்கள். அந்த அரைப் புள்ளி யாரோ ஒரு டிஃபெண்டர் தேவையில்லாமல் வாங்கிய மஞ்சள்.

ஏலத்தைச் செப்டம்பர் தொடக்கத்தில், வீரர் பரிமாற்றம் முடிந்தபின் நடத்துங்கள். ஆகஸ்டில் நடத்தினால் நீங்கள் வாங்கிய ஸ்ட்ரைக்கர் ஜெர்மனிக்குப் போய்விடலாம். புதியவர்கள் பெரும் பணத்தை இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் கொட்டிவிட்டு ஐந்து நிமிடம் மட்டும் ஆடும் மிட்ஃபீல்டர்களோடு நிற்பார்கள்; குறைந்த நேரம் ஆடியவருக்கு மதிப்பெண்ணே வராது. மிட்ஃபீல்டர் பட்டியலில் இருந்துகொண்டு பெனால்டி அடிப்பவரைத் தேடுங்கள். பணம் அங்கே போகட்டும்.

படி 6: ஐரோப்பிய இரவுகள்

2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கில் பழைய குழுக்கள் இல்லை. 36 அணிகள், ஒரே பட்டியல், ஒவ்வொன்றும் 8 ஆட்டங்கள். முதல் எட்டு நேராகக் கடைசி 16-க்கு. 9 முதல் 24 வரை பிளே-ஆஃப். 25 முதல் கீழே உள்ளவை வெளியே. யூரோப்பா லீக்குக்கு இறங்கும் வழியும் இப்போது இல்லை. வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு 2021-லேயே போய்விட்டது.

எட்டாவது இடத்துக்கும் ஒன்பதாவதுக்கும் உள்ள தூரத்தை முதல் ஆண்டு இத்தாலிக்கு நன்றாகவே காட்டியது. அட்டலான்டா 15 புள்ளிகளோடு 9-வது. எட்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லாவுக்கு 16. மிலன் கடைசி நாள் ஸாக்ரெப்பில் வென்றிருந்தால் முதல் எட்டில் இருந்திருக்கும், 2-1 என்று தோற்று 13-வது. யுவென்டஸ் 20-வது. மூன்றும் பிளே-ஆஃபில் விழுந்தன: அட்டலான்டாவை வென்றது 24-வதாகத் தொற்றிக்கொண்டு வந்த புரூஜ், மிலனைப் ஃபெயனூர்ட், யுவென்டஸைப் பிஎஸ்வி. இன்டர் மட்டும் எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் வாங்கி நான்காவதாக முடித்து பிப்ரவரியில் ஓய்வெடுத்தது. எனவே ஜனவரியின் கடைசிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். 18 ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஐரோப்பிய வாரத்துக்கு அடுத்த ஞாயிறு உங்கள் கிளப் மந்தமாக ஆடும். பயிற்சியாளர் நான்கைந்து பேரை மாற்றியிருப்பார். அன்றைய ஆட்டத்தை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

படி 7: மெர்காதோ

வீரர் பரிமாற்றக் காலத்தில் வதந்தி ஆயிரம் வரும். இரண்டு கணக்கு தெரிந்தால் பாதியை ஒதுக்கிவிடலாம். ஒன்று, கடனாக வாங்குவது இரண்டு வகை: விரும்பினால் வாங்கலாம் என்பது ஒன்று, கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வகை விலையை அடுத்த ஆண்டுக் கணக்குக்குத் தள்ளும் வழி. மற்றது தேய்மானக் கணக்கு. 50 மில்லியன் யூரோவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் புத்தகத்தில் ஆண்டுக்கு 10 மில்லியன் செலவு. இரண்டாண்டு கழித்துப் புத்தக மதிப்பு 30; 45-க்கு விற்றால் 15 மில்லியன் லாபம், அதன் பெயர் பிளுஸ்வாலென்சா. ஜூன் 30 கணக்கு முடிவதற்குள் ஏன் இளம் வீரர்கள் அவசரமாக விற்கப்படுகிறார்கள் என்பது இதில் விளங்கும். இந்த லாபக் கணக்கு வழக்கில்தான் 2022-23 பருவத்தில் யுவென்டஸுக்கு 10 புள்ளிகள் வெட்டப்பட்டன.

படி 8: நேரில் ஒரு முறை, சான் சீரோ

1926-ல் திறந்த மைதானம். 2025-ல் மிலன் நகராட்சி அதை இரண்டு கிளப்களுக்கும் விற்க ஒப்புதல் தந்துவிட்டது. பக்கத்திலேயே புதியது கட்டும் திட்டம். போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் சிக்கல் தேதி. பருவ அட்டவணை கோடையிலேயே வந்தாலும் எந்த ஆட்டம் வெள்ளியா, சனியா, ஞாயிறா, திங்களா என்பது சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். அதற்குமுன் விமானச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தால் வெள்ளி காலை வந்து செவ்வாய் காலை கிளம்புவதுபோல் எடுங்கள்.

டிக்கெட் கிளப்பின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். முதலில் பருவச் சீட்டு வைத்திருப்பவர்கள், பிறகு உறுப்பினர்கள், மிச்சமிருந்தால் பொது விற்பனை. டெர்பியும் யுவென்டஸ் ஆட்டமும் பொது விற்பனைக்கு வருவது அரிது. நடுத்தர அணி வரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் விலையும் குறைவு. டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். நம் பெயர்களில் முதலெழுத்து எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் உண்டு. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில் போடுங்கள். வாசலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம். நண்பர் வராவிட்டால் அவர் சீட்டில் இன்னொருவர் போக முடியாது; தளத்தில் பெயர் மாற்றும் வசதி அந்த ஆட்டத்துக்கு உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இருக்கை நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். சிவப்பும் ஆரஞ்சும் நீளவாக்கில், முழு ஆட்டமும் தெரியும். கோலுக்குப் பின்னால் தீவிர ரசிகர்கள் நிற்கும் பகுதிக்குக் கூர்வா என்று பெயர்: பச்சை இன்டர் ரசிகர்களின் வடக்குக் கூர்வா, நீலம் மிலனின் தெற்குக் கூர்வா. கூர்வாவின் நடுப்பகுதி முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றதல்ல: தொண்ணூறு நிமிடமும் நின்றபடி, கொடிக்குப் பின்னால், அவர்கள் பாடும்போது பாடியே ஆக வேண்டும், கைப்பேசியில் படமெடுத்தால் முறைப்பார்கள். அமைப்பைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆரஞ்சின் இரண்டாம் அடுக்கு மிகச் சிறந்தது; ஐந்து பேர் பின்வரிசை அங்கிருந்து கோடு போட்டதுபோல் தெரியும். எதிரணி ஜெர்சியோடு உள்ளூர்ப் பகுதியில் உட்காராதீர்கள்.

நகர நடுவில் உள்ள டுவோமோ தேவாலயத்திலிருந்து சிவப்பு மெட்ரோ எம்1-ல் லோட்டோ வரை, அங்கே ஊதா எம்5-க்கு மாறி சான் சீரோ ஸ்டாடியோ நிலையம். ஒன்றரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். சோதனை இரண்டு கட்டம். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். பெரிய பை வேண்டாம். மெட்ரோவுக்குத் திரும்பும் டிக்கெட்டையும் வரும்போதே எடுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எம்5 வாசலில் பல்லாயிரம் பேர் நிற்பார்கள், கும்பல் கும்பலாகத்தான் உள்ளே விடுவார்கள். லோட்டோவுக்கு நடந்தே போய்விடலாம், அரை மணிகூட ஆகாது. வழியெல்லாம் வண்டிகளில் சலமெல்லா வைத்த ரொட்டி விற்பார்கள், பன்றி இறைச்சி ஆகாதவர்கள் கேட்டு வாங்குங்கள். இரவு 8:45 ஆட்டமென்றால் கடைசி எம்1 ரயில் எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.